அப்பாவை ஒளித்து வைக்கும் விளையாட்டு

அந்தக் கதை அவன் காதுக்கு வந்தது இஸ்திரிக்காரர் வழியாக. இஸ்திரிக்காரருக்குச் சொன்னது பாத்திரம் கழுவுகிறவர். அவருக்குச் சொன்னது யாரோ ஒரு லாரிக்காரர். லாரிக்காரருக்கு யார் சொன்னது என்பது லாரியோடு போய்விட்டது.

யாரோ ஓர் ஆளாம். வெளிநாட்டில் வேலை. பல வருஷம் கழித்து லீவில் வீட்டுக்குப் போயிருக்கிறான். பெட்டி நிறையப் பொம்மை. பிள்ளையும் எல்லாவற்றையும் சமத்தாக வாங்கிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து விளையாடி, ஊட்டியதைச் சாப்பிட்டு, ஒரு வம்பும் பண்ணவில்லை. இவனுக்கோ தலைகால் புரியவில்லை. படுக்கப் போகும்போது பிள்ளை அம்மாவின் காதைப் பிடித்து இழுத்துக் கேட்டதாம்: "இந்த மாமா எப்பம்மா அவங்க வீட்டுக்குப் போவாரு?"

ஹோட்டலின் அடித்தளத்தில், ஆவி கக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதைச் சொன்ன இஸ்திரிக்காரர், முதல் ஆளாகத் தானே சிரித்தார்.

"அப்புறம் அந்த ஆள் என்ன பண்ணானாம்?"

"என்ன பண்ணுவான்? லீவு முடிஞ்சதும் மாமா அவங்க வீட்டுக்குப் போயிட்டாரு."

துணி மூட்டைகளுக்கு நடுவே எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வாய்தான் சிரித்தது. அந்தக் கேள்வி அவனுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. பிறகு அதே கதை வேறு வேறு வாயில் வந்தது. ஒருமுறை அந்த ஆள் வெல்டர், ஒருமுறை கப்பலில் சமையல்காரர். பிள்ளை சில சமயம் பையன், சில சமயம் பெண். ஆள் மாறினாலும் அந்தக் கேள்வி மட்டும் மாறவில்லை. பொய்க் கதை என்றால் நடுவில் எங்காவது கேள்வியும் மாறியிருக்க வேண்டுமே என்று அவன் நினைத்தான். பயந்தவன் மூளை இப்படித்தான் வேலை செய்யும்.

அவனை அங்கே எல்லோரும் யானை என்று கூப்பிட்டார்கள். ஆள் ஒல்லி. பெயர் வந்தது வேறு வழியில். மேல்தளத்து அறைகளைச் சுத்தம் செய்வது அவன் வேலை. கட்டிலுக்கு விரிப்பு மாற்றி, குளியலறைக் கண்ணாடியில் துளி இல்லாமல் துடைத்து, தலையணையைத் தட்டி நிமிர்த்திவிட்டு, கடைசியில் படுக்கையின் நடுவே துண்டில் ஒரு யானை செய்து வைப்பான். பெரிய துண்டை இரண்டு பக்கமிருந்தும் நடுவரைக்கும் இறுக்கிச் சுருட்டி, அப்படியே பாதியாக மடித்து நிறுத்தினால் நான்கு கால். சின்னத் துண்டை முக்கோணமாக்கி இரு ஓரத்தையும் உள்ளே சுருட்டினால் தும்பிக்கை. அதைக் கால்களின் மேல் கவிழ்த்து, இரண்டு காதையும் இழுத்துவிட்டால் யானை தயார். விருந்தாளிகளின் பிள்ளைகள் அறைக்குள் நுழைந்ததும் போடுகிற கூச்சல் தாழ்வாரம் வரை கேட்கும். டிராலியைத் தள்ளிக்கொண்டு போகிறவன் ஒரு நொடி நின்று கேட்டுவிட்டுப் போவான்.

கைக்கு அந்த மடிப்பு புதிதல்ல. முன்பு சொந்த ஊரில் ஒரு துணிக்கடையில் இருந்தான். வருகிறவர்கள் முன்னால் துணியை விரித்துக் காட்டுவதும், அவர்கள் "வேற காட்டுங்க" என்று சொன்னதும் மடித்து வைப்பதும்தான் பிழைப்பு. கடையை இழுத்து மூடியபோது மனைவி கர்ப்பமாக இருந்தாள். மருந்துக்கடையில் அவளுக்கு ஒரு வேலை இருந்தது. அது வாடகைக்கே போதவில்லை. குழந்தை பிறந்து, இன்னும் குப்புற விழக்கூடத் தொடங்காத நேரத்தில் அவன் விமானம் ஏறினான். ஒரே வருஷம் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். போகிற எல்லோரும் சொல்வது. லீவு கேட்கும் போதெல்லாம் கூட்டம் அதிகமான காலமாக இருந்தது. கூட்டம் இல்லாத காலத்தில் ஆளைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அவனே கேட்கவில்லை. இப்படியே பாப்பாவுக்குப் பல் முளைத்தது, நடந்தாள், பேசினாள். எல்லாம் போனில்.

போனில் பிள்ளை வளர்ப்பது எப்படி என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டு ஓய்வில், மேல்தளத்தில் விரிப்புகளை அடுக்கி வைக்கும் சின்ன அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிடுவான். அங்கே அப்போது சாயங்காலம். மனைவி வேலை முடிந்து வந்திருப்பாள். முதல் வருஷங்களில் மகளின் முகத்தைவிட அவன் அதிகம் பார்த்தது கூரையில் சுற்றும் மின்விசிறியைத்தான். போனை மல்லாக்கப் போட்டுவிட்டு அவள் ஓடிவிடுவாள்.

"பாப்பா, அப்பாவுக்கு ஹாய் சொல்லு."

"ஹாய்."

அவ்வளவுதான். மறுபடி மின்விசிறி.

சும்மா இருக்க முடியாமல், சிறு பிள்ளைகளோடு வீட்டில் என்னென்ன விளையாடலாம் என்று போனில் தேடிப் பார்த்தான். கொட்டிக் கிடந்தது. தலையணையில் கோட்டை கட்டலாம், காலுறையில் பொம்மை செய்யலாம், சோப்புக் குமிழி விடலாம், சுவரில் நிழல் காட்டலாம். ஆனால் எல்லாமே ஒரே மாதிரி தொடங்கின: குழந்தையை மடியில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பின்னால் நின்றுகொள்ளுங்கள். முதல் வரியிலேயே அவன் தோற்றுப் போனான். இருந்தாலும் விடவில்லை. காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு குரலை மாற்றிப் பேசிப் பார்த்தான். பாப்பா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பாவுக்குக் கையில குளிருதா?"

கடைசியில் விளையாட்டைக் கண்டுபிடித்தது அவள்தான்.

ஒருநாள் பேசிக்கொண்டிருக்கும்போதே திரை இருண்டது. ஏதோ உரசும் சத்தம். தூரத்தில் அவள் குரல்: "அம்மா, அப்பாவைக் காணோம்! தேடு!"

மனைவி புரிந்துகொண்டாள். "ஐயையோ, எங்கடி போனாரு? இப்பதானே இங்க இருந்தாரு?" கதவு திறக்கும் சத்தம், பாத்திரம் நகரும் சத்தம். "இங்க இல்லையே. கட்டிலுக்கு அடியிலயும் இல்லையே." பாப்பாவின் சிரிப்பு அடக்க முடியாமல் பீறிட்டது. தலையணைக்கு அடியில் செருகிய போனுக்குள் இருந்துகொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல், அவன் வாயில் வந்ததைக் கூவினான்: "குக்கூ!"

அங்கே வீடே அதிர்ந்தது. இங்கே விரிப்பு அறையில் அவன் தரையில் உட்கார்ந்து, இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அன்றைக்கு மின்விசிறியை அவன் பார்க்கவே இல்லை.

அதிலிருந்து தினமும் அதே விளையாட்டு. மகள் அவனை ஒளித்து வைப்பாள், மனைவி தேடுவாள், சரியான நேரத்தில் அவன் கூவ வேண்டும். சீக்கிரம் கூவினால் திட்டு விழும். செருப்பு அலமாரி, வாஷிங் மெஷின், மாவு டப்பாக்களின் பின்பக்கம், அம்மாவின் துணி அடுக்கு என்று அந்த வீட்டில் அவன் போகாத இருட்டு கிடையாது. அவன் வாடகைக்குப் பார்த்து அமர்த்திய வீடுகூட அல்ல அது. அவன் வெளிநாடு போன பிறகு மனைவி மாறிய வீடு. ஒரு நாள்கூட வசிக்காத வீட்டை, ஒவ்வொரு பொந்தாக அவன் உள்ளிருந்து தெரிந்துகொண்டான்.

ஒருநாள் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டாள். மறுநாள் அடித்தளத்தில் இதைச் சொன்னபோது இஸ்திரிக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"கதவைச் சாத்தினா உள்ள விளக்கு அணையுதான்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம்டா, யானை."

"அணையுதுண்ணே. நான் பார்த்தேன்."

"உலகத்துலயே இதுக்குச் சாட்சி நீ ஒருத்தன்தான். வேற என்ன தெரிஞ்சுது?"

"தயிர் பக்கத்துல இருந்தேன். மத்தபடி ஒண்ணும் தெரியலை."

"நீ பரவால்லடா," என்றார் இஸ்திரிக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என் பையன் என்னைத் தேடவும் மாட்டான், ஒளிக்கவும் மாட்டான். போன்ல சார்ஜ் இருக்கான்னு மட்டும் பார்ப்பான்."

அந்தச் சொல் அவனுக்கு மருந்து மாதிரி இருந்தது. லாரிக்காரர் கதை வேறு யாருக்கோ நடந்தது. தன் பிள்ளை தன்னோடு விளையாடுகிற பிள்ளை. ஓய்வு நேரம் முடிந்து மேற்பார்வையாளர் அம்மா கதவைத் தட்டும்வரை, அடுக்கிய வெள்ளை விரிப்புகளுக்கு நடுவே உட்கார்ந்து கூவிக்கொண்டிருந்தான். சில நாள் பாப்பா அவனை ஒளித்து வைத்துவிட்டு மறந்தே போவாள். மனைவிக்கும் அடுப்பில் வேலை இருக்கும். அப்போதும் அவன் துண்டிக்க மாட்டான். துணி அடுக்குக்குள் கிடந்தபடி, வீடு பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பான். குழாயில் தண்ணீர் விழும் சத்தம். பாப்பா தனக்குத் தானே பாடுவது. வீட்டில் இருப்பது என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வான்.

லீவு ஒருவழியாகக் கிடைத்தது. இஸ்திரிக்காரர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னடா இவ்வளவு கனம்? பொம்மையா?"

"பொம்மை கொஞ்சம்தான். துண்டு."

"ஹோட்டல் துண்டா?"

"சேச்சே. கடையில வாங்குனது. பாப்பாவுக்கு நேர்ல யானை செஞ்சு காட்டணும்."

"போயிட்டு வா. அங்க போயி மாமா ஆயிடாத," என்றார் அவர். விளையாட்டாகத்தான் சொன்னார்.

கதவைத் திறந்த மனைவி அழுதாள், சிரித்தாள், பெட்டியை வாங்கினாள். இளைத்திருந்தாள். அவளுடைய காலைக் கட்டிக்கொண்டு பின்னால் இரண்டு கண்கள்.

"பாப்பா, யார் வந்திருக்கா பாரு!"

கண்கள் பார்த்தன. அவன் முட்டி போட்டு உட்கார்ந்து, கையை நீட்டி, அந்தக் கூவலைக் கூவினான். "குக்கூ!"

பாப்பா திரும்பி, பின்னால் இருந்த அலமாரியைப் பார்த்தாள்.

தூக்கக் கலக்கம், புது ஆள், கூச்சம் என்று மனைவி காரணம் அடுக்கினாள். அவனும் அவசரப்படவில்லை. பெட்டியைத் திறந்து துண்டுகளை எடுத்து, தரையில் உட்கார்ந்து யானை செய்யத் தொடங்கினான். அவள் மெதுவாக நெருங்கி வந்தாள். தும்பிக்கை உருவானதும் கை தட்டினாள். காதை அவளையே இழுத்துவிடச் சொன்னான், இழுத்தாள். அவளுடைய விரல் அவன் விரலில் பட்டது. வந்த பிறகு அதுதான் முதல் தடவை. அந்தச் சின்ன விரல் இவ்வளவு சூடாக இருக்கும் என்று எந்தப் போனும் அவனுக்குச் சொன்னதில்லை.

"அம்மா, போன் குடு."

"எதுக்குடி?"

"அப்பாகிட்ட யானையைக் காட்டணும்."

மனைவி அவனைப் பார்த்தாள். அவன் யானையைப் பார்த்தான்.

"இதோ, அப்பா இங்கதானே இருக்காரு செல்லம். இதான் அப்பா."

பாப்பா அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள். கோபம் இல்லை, பயமும் இல்லை. தெரியாமல் பேசுகிற அம்மாவைத் திருத்துகிற பொறுமை மட்டும் இருந்தது.

"இது மாமா. அப்பா போன்ல இருக்காரு."

லாரிக்காரர், பாத்திரம் கழுவுகிறவர், இஸ்திரிக்காரர் மூன்று பேரும் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பது போல அவனுக்கு இருந்தது.

மறுநாள் சாயங்காலம் பாப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வழக்கமான நேரம் வந்தது, போனது. உதடு பிதுங்கியது. "அப்பா ஏன் கூப்பிடலை? அப்பாவுக்கு என்ன ஆச்சு?" அப்பா எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழுகை வலுத்தது. மூச்சு முட்ட அழுதாள். மனைவி அவனைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"என்னங்க, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கீழ போயி கூப்பிடுங்களேன்."

"எங்கிருந்து?"

"படிக்கட்டுல இருந்துதான். வேற எங்க?"

செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கினான். மாடிப்படி திரும்பும் இடத்தில், தண்ணீர்க் குழாய்கள் ஏறுகிற மூலையில், வெள்ளைச் சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு கூப்பிட்டான். ஒரே மணியில் எடுத்தாள். கண்ணீர் காயாத முகம் அப்படியே மலர்ந்தது.

"அப்பா! உனக்குத் தெரியுமா? வீட்டுக்கு ஒரு மாமா வந்திருக்காரு!"

"அப்படியா?" என்றான். "மாமா எப்படி இருக்காரு?"

"குறட்டை விடுறாரு. அம்மா கட்டில்ல படுக்குறாரு. என் டம்ளர்ல தண்ணி குடிச்சுட்டாரு."

"அடப்பாவமே. தெரியாம குடிச்சிருப்பாரு. நீ மாமாவோட விளையாடலையா?"

"மாமாவுக்கு விளையாடத் தெரியாதுப்பா. ரொம்பப் பெருசா இருக்காரு. ஒளிச்சு வெக்க முடியாது."

பிறகு அவனை எங்கோ ஒளித்து வைத்தாள். இருட்டு. மேலே மனைவியின் குரல் தேடியது. போனிலும் கேட்டது, படிக்கட்டு வழியாகவும் கேட்டது. சரியான நேரம் பார்த்து அவன் கூவினான். மேலே வீடு சிரித்தது.

ஒரு நாள் மட்டும் என்றது தினமும் ஆயிற்று. சாயங்காலம் ஆனால் அப்பாவாக இருப்பதற்காக அவன் படி இறங்கினான். முடிந்ததும் மாமாவாக ஏறி வந்தான். கீழ்வீட்டு அம்மா இரண்டு மூன்று தடவை கதவிடுக்கில் பார்த்துவிட்டு, மனைவியைத் தனியாகப் பிடித்துவிட்டாள்.

"நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதம்மா. உன் வீட்டுக்காரர் தினம் படிக்கட்டுல நின்னு யாரோடயோ கொஞ்சிக் கொஞ்சிப் பேசுறாரு. வெளியூர்ல இருந்துட்டு வந்தவங்க. கொஞ்சம் கண்ணு வெச்சுக்கோ."

"எங்க பாப்பா கூடத்தான்கா பேசுறாரு. எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு மேலே வந்து, மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரித்தான். வந்ததிலிருந்து இருவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு முறைதான். சிரித்து முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. "என்னங்க இது வாழ்க்கை?" என்றாள்.

இதற்கிடையில் அவன் வேறு முயற்சிகளும் செய்தான். தலையணையில் கோட்டை கட்டினான். இப்போது மடியும் கையும் எல்லாம் இருந்தன, அந்தப் பட்டியல்கள் சொன்னபடியே செய்யலாம். பாப்பா கோட்டைக்குள் போனாள், ஆனால் போனை எடுத்துக்கொண்டு போனாள். சோப்புக் குமிழி விட்டான். "தேங்க்ஸ் மாமா" என்றாள். சமத்துப் பிள்ளை. அந்தச் சமத்துதான் அவனைக் கொன்றது. சொந்த அப்பனிடம் எந்தப் பிள்ளை இவ்வளவு சமத்தாக இருக்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனே போய் மனைவியின் துணி அலமாரிக்குள் ஒளிந்துகொண்டான். முட்டியை மடக்கி, தலையைக் குனிந்து, கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினான். இந்த இருட்டு அவனுக்குப் பழக்கமான இருட்டு. எத்தனையோ தடவை வந்து போயிருக்கிறான். ஆனால் இங்கே மருந்துக்கடை வாசம் இப்படி அடிக்கும் என்பதும், அவளுடைய துப்பட்டாக்கள் இவ்வளவு வெளுத்துப் போயிருக்கின்றன என்பதும் போனில் தெரிந்ததில்லை. வெளியே மனைவி கேட்டாள்: "பாப்பா, மாமாவைக் காணோமே, தேடலாமா?"

"வேணாம். கார்ட்டூன் பார்க்குறேன்."

கால் மரத்துப் போகும்வரை உட்கார்ந்திருந்தான். பிறகு தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தான்.

"விட்டுப் பிடிங்க," என்றாள் மனைவி அன்று. "பிள்ளைதானே. கொஞ்ச நாள் கூட இருந்தா தன்னால புரிஞ்சுக்குவா."

"கொஞ்ச நாள் எங்க இருக்கு?"

பெட்டி ஏற்கெனவே கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டது.

கிளம்புவதற்கு முந்தைய சாயங்காலம்தான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. வந்தபோது அது பிரமாதமாக இருந்தது. அப்பா போனுக்குள் இருக்கிறார் என்றுதானே நினைக்கிறாள்? சரி, அப்பா போனிலிருந்து வெளியே வரட்டும். அவள் கண் முன்னாலேயே, ஒவ்வொரு படியாக, வித்தை காட்டுவது போல. அதற்கு மேல் எப்படி நம்பாமல் இருப்பாள்? மனைவியிடம் சொன்னான். அவள் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, "பண்ணிப் பாருங்க" என்றாள். அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை.

படிக்கட்டு மூலையிலிருந்து கூப்பிட்டான்.

"பாப்பா, இன்னிக்கு அப்பா உன் வீட்டுக்கு வரப் போறேன்!"

"நிஜமாவா? எப்படி?"

"இதோ பாரு, நடந்து வர்றேன்." கேமராவைத் திருப்பிப் படிக்கட்டைக் காட்டினான். "இது என்ன?"

"எங்க படி! அம்மா, அப்பா எங்க படியில இருக்காரு!"

அவள் குதிப்பது மேலே தளத்தில் தடதடவென்று கேட்டது. கைப்பிடியைக் காட்டினான், கீறல் விழுந்த சுவரைக் காட்டினான், கதவைக் காட்டினான். ஒவ்வொன்றுக்கும் அவள் கூச்சலிட்டாள். அந்தக் கூச்சல், விருந்தாளிகளின் பிள்ளைகள் யானையைப் பார்த்துப் போடுகிற அதே கூச்சல். இத்தனை வருஷம் தாழ்வாரத்தில் நின்று அடுத்தவர் வாசலில் கேட்டது, இப்போது அவனுக்காக. செருப்பு அலமாரியைக் காட்டினான். "வா, வா, வா!" என்றாள். கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பிக்கொண்டு, தோளால் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தான்.

இரண்டு போனும் ஒரே அறைக்குள் வந்ததும் கீச்சென்று ஒரு ஓலம் கிளம்பியது. காதைக் கிழிக்கிற ஓலம். பாப்பா திடுக்கிட்டுத் திரும்பினாள். வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். மாமா கையில் ஒரு போன். மாமா வாய் அசைந்தது. இவள் கையில் இருந்த அப்பாவின் வாயும் அசைந்தது. "நான்தான்டா அப்பா" என்பது இரண்டு இடத்திலிருந்தும், ஒன்றன்பின் ஒன்றாக, அந்த ஓலத்துக்கு நடுவே கேட்டது.

அவன் பதறிப்போய்த் துண்டித்தான். ஓலம் நின்றது. அவள் கையில் இருந்த அப்பா மறைந்து போனார்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தான். அழவில்லை. போனைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த போனைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. வாசலுக்குப் போய், அவனைத் தாண்டி, படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. திரும்பி வந்து அம்மாவிடம் மெல்லிய குரலில் கேட்டாள்:

"மாமாதான் அப்பா மாதிரி பேசினாரா?"

"இல்லடா செல்லம், மாமாதான் அப்பா. அப்பாதான் இவரு."

"அப்ப அப்பா இல்லையா?"

எப்படிச் சொன்னாலும் அது அங்கேதான் போய் நின்றது. இந்த ஆள்தான் அப்பா என்று காட்ட நினைத்தான். போனில் இருந்த அப்பா வெறும் இந்த ஆள்தான் என்று காட்டிவிட்டான். குதித்த பிள்ளை குதிப்பதை நிறுத்தி, போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவன் துண்டை எடுத்து யானை செய்யப் போனான். கை மடிப்பை மறந்துவிட்டது. நாலு கால் நிற்கவே இல்லை.

காலையில் கிளம்பும்போது, மனைவி சொல்லிக் கொடுத்தபடி பாப்பா கையசைத்தாள். "டாட்டா" என்றாள். மாமா என்றும் சொல்லவில்லை, அப்பா என்றும் சொல்லவில்லை.

மேல்தளம், டிராலி, கண்ணாடி, விரிப்பு. "எப்படிடா இருந்துச்சு?" என்று இஸ்திரிக்காரர் கேட்டார். "நல்லா இருந்துச்சுண்ணே" என்றான். அவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மெஷினின் மூடியை இறக்கினார். கொஞ்ச நாள் கழித்து, புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் அவர் அந்த மாமா கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். யானை உள்ளே நுழைந்ததும் பாதியில் நிறுத்தினார்.

பாப்பா போனுக்கு வருவதில்லை. மனைவி பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தால், திரையைப் பார்க்காமல் தன் கால் விரலைப் பார்த்தாள். அவன் அறையில் இருந்த துண்டையெல்லாம் யானையாக்கிக் காட்டினான். கூவிப் பார்த்தான். "சாப்பிட்டியா" என்று அவள் கேட்டாள். அம்மா கேட்கச் சொல்லியிருப்பாள். பிறகு அதுவும் நின்றது. இப்போதெல்லாம் கூப்பிட்டால் மணி அடிக்கும், எடுப்பதில்லை.

நேற்று மனைவி மருந்துக்கடை போனிலிருந்து கூப்பிட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க. வீட்டுக்குப் போனா போனைத் தேடுறதே வேலையா இருக்கு. நீங்க கூப்பிடுற நேரம் ஆச்சுன்னா எங்கயாவது கொண்டு போயி வெச்சுடுறா. சத்தம்கூட வெளிய வராத இடமா பார்த்து."

"ஒளிச்சு வெக்கிறாளா? அப்ப விளையாடுறாளா?"

கடையில் யாரோ எதையோ கேட்பது கேட்டது.

"ஒளிச்சுதான் வெக்கிறா," என்றாள். "தேடச் சொல்றதில்லை."

இன்று மத்தியானம் ஓய்வு கிடைத்ததும் விரிப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அடுக்கிய வெள்ளைத் துணிகளுக்கு நடுவே, வழக்கமான இடத்தில், முட்டியை மடக்கி உட்கார்ந்தான். எண்ணை அழுத்தினான். மணி அடித்தது. இப்போது தான் எங்கே இருக்கிறோம் என்று யோசித்தான். ஃப்ரிட்ஜ் இல்லை, அங்கே வைத்தால் அம்மா திட்டுவாள். செருப்பு அலமாரியில் வைத்தால் சத்தம் வெளியே வரும். துணி அடுக்காகத்தான் இருக்க வேண்டும், அடியில், வெளுத்த துப்பட்டாக்களுக்குக் கீழே, மருந்துக்கடை வாசத்தோடு. மணி நின்றது. மறுபடி அழுத்தினான்.

வெளியே மேற்பார்வையாளர் அம்மா கதவைத் தட்டினார். "யானை, உள்ளயா இருக்க? ரூம் காலியாயிடுச்சு, வா."

"இதோ வர்றேங்க," என்றான்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மிகவும் மெதுவாக, வெளியே கேட்டுவிடாதபடி, "குக்கூ" என்றான். எடுக்காத போனில் யாருக்கும் கேட்காது என்பது அவனுக்குத் தெரியும். மணி அடித்துக்கொண்டே இருந்தது.